சுவரில் ஓதம், கையில் ரூ.35,000: எதை முதலில் செய்வது?

கேள்வி: தாம்பரத்துக்குப் பக்கத்தில் 1998-இல் கட்டிய தரைத்தள வீடு எங்களுடையது. 650 சதுர அடி, மேலே மொட்டை மாடி. ஹாலில் ரோட்டுப் பக்கச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் பொரிந்து உதிர்கிறது. தொட்டால் விரலில் வெள்ளையாக உப்பு ஒட்டுகிறது. படுக்கையறை சீலிங்கில் ஒரு மூலையில் பழுப்புக் கறை. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் அடுத்த மழைக்கே பழையபடி ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரர் ஒருவர் மொத்த வேலைக்கும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கேட்கிறார். கையில் இருப்பது 35,000 ரூபாய். நானும் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் வேலை செய்யத் தயார். இப்போது ஆடி. தீபாவளிக்குள் முடித்துவிட முடியுமா? எதையெல்லாம் நாங்களே செய்யலாம்?

பதில்: 35,000 ரூபாயில் முடியும். தீபாவளிக்குள் எல்லாம் முடியாது, அப்படி முடிக்கவும் கூடாது. பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் சென்னைப் பக்கம் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். வருடத்தில் சுவர் அதிகமாக ஈரம் குடித்திருப்பது அப்போதுதான். ஈரச் சுவரின் மேல் பெயிண்ட் அடித்தால் அது மறுபடி பொரியத்தான் செய்யும். உங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் பெயிண்ட்தான் முதலில் வருகிறது. செலவில் அது கடைசியாக வரட்டும். தண்ணீர் நுழையும் வழியை மாடியில் தொடங்கிக் கீழ்நோக்கி அடைத்துக்கொண்டு வாருங்கள்.

பணத்தைத் தொடும் முன் ஒரு சனி, ஞாயிறை ஆராய்ச்சிக்கு ஒதுக்குங்கள். பொரிந்த இடத்தில் உதிரும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, இரண்டடி சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் அகல டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை. இதே சோதனையை மற்ற அறைகளிலும் செய்யுங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிரவே இன்னொன்று. படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டத்தைக் குச்சி விட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை ஃபிளஷ் உட்பட எதையும் பயன்படுத்தாமல் காலையில் மறுபடி அளங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. சுவருக்குள் ஓடும் பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்துக் கசிவதை ஓதம் என்று நினைத்து வருடக்கணக்கில் பெயிண்டுக்குச் செலவழித்த வீடுகள் பல உண்டு. அப்படியானால் உங்கள் முதல் செலவு பிளம்பருக்கு.

மூன்றாவது, படுக்கையறை சீலிங். கறை இருக்கும் இடத்தைச் சுற்றி மரக் குச்சியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு கழன்றிருக்கிறது. நேர்கோட்டில் விரிசல் ஓடினாலோ, துரு நிறத்தில் கறை இறங்கினாலோ, கம்பியே வெளியே தெரிந்தாலோ அதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று அர்த்தம். ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள், அதுவரை அந்த மூலையில் கட்டில் போடாதீர்கள். வெறும் பழுப்புக் கறை என்றால் கவலையில்லை; மாடியைச் சரிசெய்தால் நின்றுவிடும்.

இனி மாடி. முழுக்க முழுக்க உங்கள் குடும்பமே செய்யக்கூடிய வேலை இது. ஆவணி, புரட்டாசியில் தொடர்ந்து நாலைந்து நாள் வெயில் அடிக்கும் இடைவெளியைப் பிடியுங்கள். முதலில் நாலு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, தேங்கும் இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். வடிகுழாயின் வாய் பெரும்பாலும் வேப்பிலைச் சருகாலும் காக்கை கொண்டுவந்து போட்டதாலும் அடைத்திருக்கும். சுத்தம் செய்து, வாயில் கம்பி வலை வையுங்கள். சில வீடுகளில் இதோடு கசிவு நின்றே போகும்.

1998-இல் கட்டிய வீடு என்பதால் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். ஓடு உடையாமல் இருந்தாலும் இடையிலுள்ள இணைப்புச் சாந்து அரித்துப் போயிருக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கிய அந்தச் சுண்ணாம்புத் தளம் அருமையான தொழில்நுட்பம். மேலே புதுப் பூச்சுப் போடுகிறேன் என்று யாராவது அதைக் கொத்தி எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பாசியை பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அரித்துப்போன இணைப்புகளை உளியால் அரை அங்குல ஆழத்துக்குக் கீறித் தூசி தட்டி, ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், அத்துடன் கடையில் கிடைக்கும் லேட்டக்ஸ் திரவம் கலந்த சாந்தால் அடையுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் அதிகக் கவனம் வையுங்கள். கசிவில் பெரும்பகுதி நடுத்தளத்தில் தொடங்குவதில்லை, இந்த மூலையில்தான் தொடங்குகிறது. செங்கோணமாக இருக்கும் அந்த மூலையைச் சாந்தால் சரிவாக மூடி, ஈரம் காய்ந்த பிறகு ஃபைபர் வலைத் துணியை வைத்து அதன் மேல் அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் பூச்சை அடியுங்கள்.

பிறகு முழு மாடிக்கும் அதே பூச்சு இரண்டு கை. முதல் கை தெற்கு வடக்காக என்றால் இரண்டாவது கை கிழக்கு மேற்காக. விட்டுப்போன ஊசித் துளைகள் அப்போதுதான் மூடும். உங்கள் மாடிக்கு 20 லிட்டர் வாளி ஒன்று ஏறக்குறையச் சரியாக இருக்கும். ஆனாலும் எவ்வளவு பரப்புக்கு வரும் என்று வாளியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை நிறமாகவே வாங்குங்கள், கோடையில் கீழே அறையின் வெக்கையும் குறையும். தளம் காயாமல் அடித்தால் பணம் வீண். கழுவிய பிறகு இரண்டு நாள் நல்ல வெயிலாவது பட வேண்டும்.

ஹால் சுவருக்கு வருவோம். மூன்றடி உயரம், உப்பு, ரோட்டுப் பக்கம் என்று நீங்கள் சொன்ன மூன்று அடையாளங்களும் மண்ணிலிருந்து ஏறும் ஓதத்தைத்தான் காட்டுகின்றன. ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்று, நாலு அடியோடு நின்றுவிடும். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் புறநகரில் எத்தனையோ வீடுகள் தெருவைவிடப் பள்ளத்துக்குப் போய்விட்டன. வீடு கட்டும்போது பேஸ்மென்ட் மட்டத்தில் போட்ட ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேலேயே இன்று வெளி மண் நிற்கிறது. பட்டை நன்றாகவே இருந்தாலும் ஈரம் அதைத் தாண்டிச் சுவருக்குள் போகும்.

ஆகவே மண்வெட்டியை எடுங்கள். வெளிச்சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் மண், உடைந்த செங்கல், பூந்தொட்டி எல்லாவற்றையும் அகற்றி, சுவரின் அடி வெளியே தெரியும்படி ஒரு முழ அகலத்துக்கு மண்ணை இறக்குங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே விழுகிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அவசரத்தில் தோண்டிய குழிகள் பல சுவரை ஒட்டியே இருப்பதை இன்றும் பார்க்கிறேன். வண்டல் அடைத்துவிட்டால் அந்தக் குழி மழைநீர் முழுவதையும் அஸ்திவாரத்துக்கே கொடுக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், உள்ளிருக்கும் மணலையும் ஜல்லியையும் எடுத்துக் கழுவிப் போடுங்கள், முடிந்தால் பி.வி.சி. குழாயை நீட்டிச் சுவரிலிருந்து தள்ளிப் புதுக் குழிக்குத் திருப்புங்கள். செலவு சில ஆயிரம்தான். இதை மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

உட்பக்கப் பூச்சை இப்போது தொட வேண்டாம். பொங்கல் முடியட்டும். தை கடைசியில், உப்புத் தெரியும் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம். தெரியும் உப்பைக் காய்ந்த பிரஷால் துடைத்து அள்ளி வெளியே போடுங்கள்; தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து செங்கலுக்குள்ளேயே திரும்பிப் போகும். மாசி முழுவதும் செங்கல் திறந்தபடி காயட்டும். பார்க்க நன்றாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் கொத்தனாரையும் சித்தாளையும் இரண்டு நாளைக்குக் கூப்பிடுங்கள். பூச்சு வேலையை நீங்களே முயல வேண்டாம், ரசமட்டம் பார்த்துச் சுவரை நேராக்கும் கை பல வருடப் பழக்கத்தில் வருவது. ஆனால் கலவையை நீங்கள் முடிவு செய்யுங்கள்: சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. வெறும் சிமெண்டை அழுத்தமாகப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். டைல்ஸ் ஒட்டி மறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓதம் டைல்ஸுக்கு மேலே தலைகாட்டும். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிப்பதும் இதே கதிதான். பூசிய பிறகு ஏழு நாள் தண்ணீர் காட்டி, மொத்தம் 28 நாளாவது காயவிட்டு, அந்தச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து; உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

தீபாவளிக்கு என்ன செய்வது? பாலிதீன் சோதனையில் உலர்ந்திருக்கும் அறைகளை மழைக்கு முன் நீங்களே அடித்துவிடலாம். சுவர் முழுக்கப் பட்டி பார்க்க வேண்டியதில்லை. குழி, கீறல் உள்ள இடத்தில் மட்டும் வைத்து, 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடங்களுக்கு பிரைமர் கொடுத்தால் போதும். பெயிண்டர் கூலியிலும் பட்டியிலும்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் கதவு ஜன்னல் போக 350 சதுர அடி சுவர். எமல்ஷன் இரண்டு கைக்கு ஆறு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அறைக்கு வேண்டியதை ஒரே நாளில், ஒரே கலவையில் வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கினால் நிறம் சற்றே மாறிச் சுவரில் திட்டாகத் தெரியும். மூலைகளை பிரஷால் முடித்துக்கொண்டு, அந்த ஈரம் காயும் முன் ரோலரை ஓட்டுங்கள். ஏணி சாய்க்கும்போது நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து அடிப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும்.

ஜன்னல் கம்பி, கதவில் உள்ள பழைய எனாமலில் கவனமாக இருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 1998-இல் அடித்த எனாமலில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி தேய்க்காதீர்கள், அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள்.

பணத்தை இப்படிப் பிரிப்பேன்: மாடிக்கு 12,000, குழாய்க்கும் மழைநீர்க் குழிக்கும் 3,000, கொத்தனார் கூலியும் பூச்சுச் சாமானும் 7,000, பெயிண்டும் பிரஷும் 9,000. மீதி 4,000 கையிருப்பாக இருக்கட்டும், பழைய வீட்டைத் தோண்டினால் புதிதாக ஏதாவது ஒன்று தெரியவரும். விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இழுபறி வந்தால் பெயிண்டில் குறையுங்கள், மாடியில் குறைக்காதீர்கள். அறைகளை அடுத்த வருடம்கூட அடிக்கலாம்.

ஓதம் ஏறும் சுவரில் ஸ்விட்ச் பெட்டியோ பிளக் பாயிண்டோ இருந்தால், பூச்சைக் கொத்தும் முன் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்விட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் ஒயர் ஓடும் என்பதால் அந்தக் கோட்டில் உளியோ டிரில்லோ வைக்க வேண்டாம் என்று மகனிடமும் சொல்லிவையுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்போதே, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தக் கையிருப்பு 4,000 ரூபாயிலிருந்து முதலில் அதைப் போடுங்கள்.