படித்தால் பணம் என்று பழக்கிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது. பள்ளியில் தமிழ் கிடையாது, நான்தான் வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பு ஆசையாகப் படிப்பாள். ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனால் ‘யாமிருக்க பயமேன்’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் படியேறுவாள். இன்னும் வேகம் வரட்டும் என்று ஒரு பக்கத்துக்கு 10 ரூபாய் தருவதாகச் சொன்னேன். முதலில் ஓடி வந்தாள். இப்போது 20 கேட்கிறாள், கொடுக்காவிட்டால் புத்தகத்தைத் தொடுவதில்லை. நான் கத்துகிறேன், அவள் அழுகிறாள். ஊரில் மாமியார் வேறு ஒவ்வொரு போனிலும் “உன் பொண்ணுக்குத் தமிழே வரலையே” என்கிறார். பணத்தை நிறுத்தினால் இருக்கிற தமிழும் போய்விடுமா?

பதில்: பணத்தை நிறுத்துங்கள். தமிழ் போய்விடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பத்து ரூபாய் இல்லை. “நான் கத்துகிறேன், அவள் அழுகிறாள்” என்ற வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் பணம்.

உங்கள் வீட்டில் நடந்ததைப் போன்ற ஒன்றை உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பதிவு செய்திருக்கிறார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் யார் தானாக வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் பேனாவை எடுத்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவே இல்லை.

சும்மா செய்துகொண்டிருந்த காரியத்துக்கு விலை வைத்தால், “இது காசுக்காகச் செய்யும் வேலை போலிருக்கிறது” என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. உங்கள் மகள் பேராசைக்காரி ஆகிவிடவில்லை. நீங்கள் சொன்ன கணக்கைத்தான் அவள் திருப்பிச் சொல்கிறாள்.

பத்து ஏன் இருபது ஆயிற்று என்பதற்கும் விளக்கம் உண்டு. 1990-களில் மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளின் மூளையில், பரிசுக்கு எதிர்வினை காட்டும் டோபமின் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துள்ளின. சாறு வரும் என்று பழகியபின், சாறு வந்தும் அவை பெரிதாக அசையவில்லை. வரவேண்டிய சாறு வராதபோதோ வழக்கத்தைவிட அடங்கிப்போயின. அதுபோல, பழகிய பத்து ரூபாய் சந்தோஷம் தருவதில்லை, பழைய துள்ளலுக்கு இருபது வேண்டியிருக்கிறது. பத்தும் வராமல் போனால் வலிக்கிறது. அதனால்தான் திடீரென்று நிறுத்தினால் அவளுக்கு அது தண்டனையாகத் தெரியும். பாக்கி ஏதும் இருந்தால் முதலில் முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், சண்டை இல்லாத ஒரு நேரத்தில், “பணம் கொடுக்கிறது அம்மாவோட யோசனை. அது சரியா வரலை, விட்டுடலாம். உன் மேல தப்பு இல்லை” என்று சொல்லுங்கள்.

எல்லாப் பரிசும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. உளவியலாளர் எட்வர்ட் டெசி குழுவினர் 1999-இல் 128 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆசையைக் குறைத்தது முக்கியமாக “இதைச் செய்தால் இது கிடைக்கும்” என்று முன்பே சொல்லிக் கொடுத்த பொருள்தான். யாருக்கும் பிடிக்காத மேசை துடைப்பு, துணி மடிப்பு போன்ற வேலைகளுக்குச் சின்ன பரிசு கொடுப்பதில் தவறில்லை, அங்கே கெட்டுப்போக ஆசையே இல்லை.

இப்போது கத்தலுக்கு வருவோம். பயந்த மனசால் ஒரே நேரத்தில் பலதைப் பிடித்துவைத்திருக்க முடியாது. உங்கள் குரல் ஏறிய கணமே அவள் கவனம் எழுத்திலிருந்து உங்கள் முகத்துக்குப் போய்விடுகிறது. எழுத்துக்கூட்டிப் படிப்பவளுக்கு முதல் எழுத்தை நினைவில் வைத்துக்கொண்டு கடைசி எழுத்துக்குப் போகவேண்டும். அந்த நூல் அறுந்துவிடும். தடுமாறுவாள், நீங்கள் மேலும் கத்துவீர்கள். நாள்பட நாள்பட, புத்தகத்தைப் பார்த்ததுமே அந்தப் பயம் வந்துவிடும். பணம் கேட்பதுகூட, அந்த அரைமணி நேரத்தைச் சகித்துக்கொள்வதற்கான கூலியாக இருக்கலாம்.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாமியார் போனில் சொன்னது உங்களைக் குத்துகிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளை வளர்க்கும் எத்தனையோ தாய்மார்களிடம் இதே வலியைக் கேட்டிருக்கிறேன், உண்மையான வலிதான். ஆனால் அதைச் சுமக்கவேண்டியவள் 9 வயதுக் குழந்தை இல்லை. போனில் “பாட்டிக்குப் படிச்சுக் காட்டு” என்று அவளை நிறுத்தாதீர்கள். பேச்சு தொடங்கினால் “அதை நாங்க பாத்துக்கறோம் அத்தை” என்று நீங்களோ, உங்கள் கணவரோ முடித்துவிடுங்கள். கணவர் சொன்னால் இன்னும் நல்லது.

இரண்டு மூன்று வாரம் பாடமே வேண்டாம். பேச்சு, விடுகதை, பாட்டியோடு அரட்டை, இதுவே போதும். அப்புறம் தொடங்கும்போது எந்தக் கதை, எங்கே உட்கார்ந்து, எப்போது என்பதை அவளே முடிவு செய்யட்டும். தன் விருப்பத்தில் செய்கிறோம், நம்மால் முடிகிறது, பக்கத்தில் நம் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வும் இருக்கும் இடத்தில்தான் ஆசை நிலைக்கும். டெசியும் ரிச்சர்ட் ரயனும் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்னது இதைத்தான்.

‘நம்மால் முடிகிறது’ என்பதில்தான் டெல்லிக் குழந்தைகள் பெரும்பாலும் இடறுகிறார்கள். இந்தியில் ka, kha, ga, gha என்று அழுத்தியும் மென்மையாகவும் ஒலிக்கும் நான்குக்கும் தனித்தனி எழுத்து (क, ख, ग, घ). தமிழில் ‘பக்கம்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’ என்ற ஒரே எழுத்துதான், ஒலி மட்டும் மாறுகிறது. இந்தி படித்துப் பழகிய கண்ணுக்கு இது ஊகிக்கவேண்டிய விஷயம். போதாக்குறைக்கு, வீட்டில் “வந்துட்டிருக்கான்” என்று கேட்பதைப் புத்தகம் “வந்துகொண்டிருக்கிறான்” என்கிறது. அவள் வேகம் குறைவதற்குச் சோம்பல் காரணமில்லை. அதனால் வயதைப் பார்க்காமல் எளிதான புத்தகம் எடுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக, இலவசமாகவே கிடைக்கின்றன; முதல் நிலையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சொல்லில் நின்றால் சற்றுப் பொறுத்துவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள், கதை ஓடட்டும். “சமர்த்து” என்று பொதுவாகச் சொல்வதைவிட “இந்த ‘ழ’ நல்லா வந்துச்சு” என்று குறிப்பாகச் சொல்லுங்கள். உங்களுக்குக் கோபம் ஏறுவது தெரிந்தால் கத்துவதற்கு முன்பே புத்தகத்தை மூடிவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

அவளாக ஒரு நாள் ஏதாவது ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உற்சாகத்தில் அதைப் பாடமாக நீட்டிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் பள்ளியில் விசாரியுங்கள். இந்தி, ஆங்கிலம் வாசிப்பதிலும் அவள் வகுப்புப் பிள்ளைகளைவிட மிகவும் பின்தங்கி இருக்கிறாளா? எழுத்துகளை மாற்றிப் படிக்கிறாளா? அப்படியானால் இது ஆசை சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லாமல் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம், முறையாகப் பரிசோதிக்கவேண்டும். அந்த இரண்டிலும் சரளமாக இருக்கிறாள் என்றால் மேலே சொன்னதே போதும்.