பூங்கா, விளையாட்டுத் தளங்களுக்குப் பயன்பாட்டுக் கட்டணத்தை எப்படி நியாயமாக வைப்பது?

பயன்பாட்டுக் கட்டணம் வரி அல்ல. ஒரு வசதியைப் பயன்படுத்துகிறவர் மட்டும் அதற்காகத் தரும் தொகை. தெருவிளக்குக்கு யாரும் தனியாகக் காசு தருவதில்லை, வீட்டு மின்சாரத்துக்கு மீட்டர் ஓடுகிறதல்லவா, அதே கணக்குதான். புதுச்சேரி பாரதி பூங்காவில் நடப்பதும் கடலூர் சில்வர் பீச்சில் காற்று வாங்குவதும் ஊருக்கே பொது. அதை வரிப்பணம் தாங்கலாம். சுண்ணாம்பாற்றுப் படகோ ஷட்டில் கோர்ட்டோ அப்படியல்ல. ஒருவர் எடுத்துக்கொண்ட நேரம் இன்னொருவருக்குக் கிடைக்காது. கட்டணம் பொருந்துவது அங்கேதான்.

ஒரு கோர்ட்டுக்கு மின்சாரம், காவலர், வலை, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். திறந்திருக்கும் 300 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். பலரும் சறுக்குவது இங்கேதான். சித்திரை மதியத்தில் யார் ஆட வருவார்கள்? ஆள் வருவது 150 மணி நேரம்தான் என்றால் அசல் செலவு 120. மாலை 90 மணி நேரத்துக்கு மணிக்கு 150 ரூபாய், காலை 60 மணி நேரத்துக்கு மணிக்கு 75 ரூபாய் என்று பிரித்தால் 18,000 வந்துவிடும். காலியாகக் கிடக்கும் மதியத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சும்மாவே விடலாம்.

பூங்கா வாசலில் ஆளுக்கு 5 ரூபாய் வாங்கினால் பராமரிப்புச் செலவு தேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நாளுக்கு 150 பேர் வந்தால் கிடைக்கும் 750 ரூபாய், இரண்டு ஷிப்ட் டிக்கெட் கிழிப்பவர்களின் சம்பளத்துக்கே போதாது.