விண்வெளி கேம்களில் டாக்கிங் பேடை அடைத்துக்கொண்டு ஏஎஃப்கே போகிறவர்களை ஏன் யாரும் கிளப்பி விடுவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இது: அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் கப்பல் இறங்கும் மேடையான பேட் காலியில்லை, அதில் உட்கார்ந்திருப்பவர் கீபோர்டு பக்கத்திலேயே இல்லை (அதுதான் ஏஎஃப்கே). ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் தூக்கி வெளியே போடுகிற மாதிரி ஒரு விதி வைக்கக் கூடாதா?

வைக்கலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அது வேலை செய்யாது. நான் அதிகம் ஆடுவது எலீட் டேஞ்சரஸ், அதிலும் பெரும்பாலும் சரக்கு ஓட்டுவதுதான். அதனால் அதை வைத்தே சொல்கிறேன். வேறு இரண்டு விண்வெளி கேம்களான ஈவ் ஆன்லைனும் ஸ்டார் சிட்டிசனும் நடுவில் வரும்.

எலீட்டில் பெரிய ஸ்டேஷன்களில் இந்தத் தொல்லை அபூர்வம். கோரியோலிஸ், ஆர்பிஸ் மாதிரியான சுழலும் ஸ்டேஷன்களில் 45 பேட் இருக்கும். ஒருவரையொருவர் பார்க்கும்படி ஒரே இடத்தில் (ஒரு இன்ஸ்டன்ஸில்) சேரக்கூடிய ஆட்டக்காரர்களே சுமார் 32 பேர்தான், ஆகவே கேமே ஓட்டும் என்பிசி கப்பல்களையும் சேர்த்துச் சமாளித்துவிடலாம். சிக்கலெல்லாம் அவுட்போஸ்ட் என்ற சின்ன ஸ்டேஷன்களில்தான். அங்கே பெரிய கப்பலுக்கான லார்ஜ் பேடே கிடையாது. மீடியம் பேட் ஒன்றோ இரண்டோ, மிச்சமெல்லாம் சின்னக் கப்பலுக்கு. பைத்தான் என்ற நடுத்தரக் கப்பலில் சரக்கு ஏற்றிக்கொண்டு வருகிற அத்தனை பேரும் அந்த ஒன்றிரண்டு மீடியம் பேடைத்தான் நம்பி வருகிறார்கள். அதில் ஒருவர் இறங்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால் கதை முடிந்தது.

இதன் உச்சக்கட்டம் ஹட்டன் ஆர்பிட்டல் என்ற அவுட்போஸ்ட். ஆல்ஃபா சென்டாரிக்கு ஜம்ப் அடித்தால் முதன்மை நட்சத்திரத்தின் முன்னால் போய் விழுவோம், ஸ்டேஷனோ அங்கிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அந்தத் தூரத்தை ஜம்ப் இல்லாமல், சூப்பர்குரூஸ் என்ற அதிவேக ஓட்டத்தில்தான் கடந்தாக வேண்டும், பழைய டிரைவ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் பார்க்க ஒன்றும் இல்லை, வேக எண் ஏறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் 7.5 கிலோமீட்டருக்குள் வந்து, இடது பேனலைத் திறந்து, கான்டாக்ட்ஸில் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்து, டாக்கிங் கேட்டால் மறுப்பு. மறுபடி கேட்டால் மறுபடி மறுப்பு. ஜன்னல் வழியே பார்த்தால் மீடியம் பேடில் விளக்கெல்லாம் எரியவிட்டு ஒரு கப்பல் நிற்கிறது. மெசேஜ் போட்டால் பதில் வராது. ஹட்டன் குவளை வாங்கப் போனவர் பேடைப் பார்த்துக்கொண்டே மிதக்க வேண்டியதுதான்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. காத்திருக்கிறவருக்கு எலீட்டில் சட்டம் ரொம்பக் கறார். டாக்கிங் அனுமதி கிடைத்ததும் 10 நிமிடக் கெடு ஓட ஆரம்பிக்கும், அதற்குள் இறங்காவிட்டால் அனுமதி போய்விடும். அனுமதி இல்லாமல் ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் அபராதம். வாசலை மறித்தாலோ, நமக்கு ஒதுக்காத பேடின் மேல் மிதந்தாலோ, எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஸ்டேஷன் பீரங்கிகள் சுட ஆரம்பித்துவிடும். சும்மா திரிவது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பே வரும். ஆனால் முறைப்படி இறங்கி, கிளாம்ப் பூட்டிய பிறகு அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு கறாரான கெடு கிடையாது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவரை விட்டுவிட்டு, படிக்கட்டில் நிற்கிறவரிடம் கண்டக்டர் சண்டை போடுகிற கதைதான்.

சரி, ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்? வேண்டுமென்றே வழிமறிக்கிறார்கள் என்று முதலில் தோன்றும். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஒரு காலத்தில் விலை மலிந்த சைட்விண்டர் கப்பலை வாசலில் நிறுத்தி வைத்து, வேக வரம்பான 100-ஐத் தாண்டி வருகிறவர் இடித்ததும் வெடித்துச் சிதறி, இடித்தவர் தலையில் கொலைப்பழியைப் போட்டு, ஸ்டேஷன் கையாலேயே அவரைச் சாகடித்தவர்கள் இருந்தார்கள். அது வேறு ரகம். பேடில் நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் ஆட்டத்தில்தான் இருக்கிறார்கள், நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். எந்தச் சரக்கு எங்கே என்ன விலை என்று பார்க்க கேமுக்குள் இருக்கும் வசதி போதாது. ஆளாளுக்குப் பக்கத்து விண்டோவில் விலை விவரம் தரும் இனாரா இணையதளத்தைத் திறந்து வைத்து, அடுத்த லோடு எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இன்னொருவர் வேலைப் பட்டியலான மிஷன் போர்டு புதுப்பிக்கட்டும் என்று காத்திருப்பார். மற்றொருவர் விங்கில், அதாவது தன் குழுவில், சேரப்போகும் நண்பனுக்காக. கணக்கு வழக்கெல்லாம் பேடில் வைத்துத்தான் பார்க்க முடியும் என்று கேமே பழக்கிவிட்டிருக்கிறது.

ஆன்லைன் கேமில் பாஸ் பட்டன் கிடையாது என்பதும் இருக்கிறது. குழந்தை அழுதால், காலிங் பெல் அடித்தால், கப்பலை வெட்டவெளியில் விட்டுவிட்டு எழுந்தால் கொள்ளைக்காரன் வருவான். டாக் பண்ணிவிட்டு எழுவதுதான் பத்திரம் என்று புதியவர்களுக்கு எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறோம். ஹட்டன் மாதிரி இடத்தில் ஒரு மணி நேரம் வெறித்துப் பார்த்து வந்தவர், இறங்கியதும் டீ குடிக்க எழுந்து போவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. லாக் அவுட் பண்ணிவிட்டுப் போகலாமே என்றால், போகலாம்தான். ‘ரெண்டே நிமிஷம்’ என்று எழுந்து போகிறவன் யார் அதைச் செய்கிறான்?

அசையாதவரை வெளியேற்றும் டைமர் போட்டால் என்ன ஆகும்? இனாரா பார்க்கிறவர் மாட்டுவார். நிஜமாகவே இடம் பிடித்து வைக்க நினைப்பவர் மாட்டமாட்டார், மௌஸை அவ்வப்போது தானாக ஆட்டிவிட ஒரு சின்ன மேக்ரோ நிரல் போதும். டைப்-10 கப்பலில் தானாகச் சுடும் டரட் பீரங்கிகளைப் பூட்டி, கொள்ளைக்காரர்கள் வரும் இடத்தில் விட்டுவிட்டுத் தூங்கப் போய், காலையில் பவுண்டி, அதாவது அவர்களைக் கொன்றதற்கான பரிசுப் பணம், எண்ணுகிற வித்தையெல்லாம் கண்டுபிடித்த கூட்டம் இது. டைமரா இவர்களுக்குப் பெரிய விஷயம்?

மற்ற கேம்கள் இதை வேறு மாதிரி தீர்த்தன. 2003-ல் வந்த ஈவ் ஆன்லைனில் பேடே கிடையாது. டாக் பட்டனை அழுத்தினால் கப்பல் ஸ்டேஷனுக்குள் மறைந்துவிடும், உள்ளே எத்தனை ஆயிரம் பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். ஏஎஃப்கே ஆசாமி யார் இடத்தையும் அடைக்கவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால், ஜிட்டா என்ற நட்சத்திர மண்டலத்துக்குப் போய்ப் பாருங்கள். ஈவின் மிகப் பெரிய சந்தை அங்கே, நான்காம் கோளின் நான்காம் நிலவில் இருக்கும் ஸ்டேஷனில் குவிந்திருக்கிறது. வியாபாரத்துக்கென்றே ஒரு ஆல்ட் (இரண்டாவது) கேரக்டரை அங்கே நிரந்தரமாக டாக் செய்து வைத்திருப்பார்கள். கூட்டம் சர்வர் தாங்கும் எல்லையைத் தொட்டால், மண்டலத்தின் நுழைவாயிலில் டிராஃபிக் கன்ட்ரோல் உங்களை உள்ளே விடாது. அதாவது உள்ளே சும்மா இருக்கிறவருக்காக, வெளியே சரக்கோடு வந்தவர் நிற்கிறார். பேடில் இருந்த தட்டுப்பாடு நட்சத்திர மண்டலத்தின் வாசலுக்கு மாறிவிட்டது.

ஸ்டார் சிட்டிசன் நடுவழியில் போயிருக்கிறது. முன்பெல்லாம் போர்ட் ஒலிசார் ஸ்டேஷனில் திறந்த பேடுகள். ஒருவர் விட்டுவிட்டுப் போன கப்பலும் இன்னொருவர் எடுக்க வந்த கப்பலும் சந்திக்கிற இடம் அது, என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். 2024 ஆகஸ்ட்டில் வந்த 3.24 பதிப்பிலிருந்து ஆளுக்கொரு சொந்த ஹேங்கர், அதாவது கப்பல் நிறுத்தும் அறை. கதவுதான் பொது, உள்ளே இருக்கிற அறை உங்களுடையது மட்டும். கதவு திறக்கக் கொஞ்சம் வரிசையில் நிற்க வேண்டி வரலாம், ஆனால் உள்ளே போனவர் தூங்கினாலும் யாருக்கும் கவலை இல்லை. ஒரே ஷார்டில், அதாவது ஆட்ட உலகின் ஒரே பிரதியில், நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்க்கும் திட்டம் இருந்ததால் இதைச் செய்தே ஆக வேண்டிய கட்டாயம்.

எலீட் ஏன் அப்படிச் செய்யவில்லை? டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984-ல் முதல் எலீட்டை வெளியிட்டபோதே, சுழலும் ஸ்டேஷனின் சின்ன வாசலுக்குள் கப்பலைச் செருகுவதுதான் ஆட்டத்தின் பெரிய கண்டம். அதைப் பட்டன் ஆக்கினால் அது எலீட்டே இல்லை. பேட் என்பது நிஜமான இடமாக இருக்க வேண்டும், நிஜமான இடம் என்றால் நிரம்பத்தான் செய்யும். எனக்கு இது பிடித்தும் இருக்கிறது. காலியாக ஒரு பேடில் இறங்குவதில் இருக்கிற நிம்மதி ஈவில் கிடைப்பதில்லை.

வாடகை போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். அதையும் எலீட்டே சோதித்துப் பார்த்திருக்கிறது, பேடில் அல்ல, 2020-ல் வந்த ஃப்ளீட் கேரியரில், அதாவது மற்றக் கப்பல்கள் வந்து இறங்கும், ஆட்டக்காரரே சொந்தமாக வாங்கும் பெருங்கப்பலில். விலை 500 கோடி கிரெடிட். வாரா வாரம் அடிப்படைப் பராமரிப்புக்கு 50 லட்சம், சேவைகளைக் கூட்டக் கூட்ட மேலும். கட்டாமல் கடன் எல்லை மீறினால் கேரியர் கைவிட்டுப் போகும். ஒரு கோளைச் சுற்றி இத்தனை கேரியர்தான் என்ற வரம்பும் உண்டு. நடந்தது என்ன? 500 கோடி சேர்த்தவருக்கு வாரம் 50 லட்சம் தூசு. பல வருடப் பராமரிப்பை முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டு, ஆட்டத்தையே விட்டுப் போனவர்களின் கேரியர்கள் நல்ல இடங்களில் நின்றுகொண்டே இருக்கின்றன. எல்லாரும் சேர்ந்து முடிக்கும் கம்யூனிட்டி கோல் நடக்கும் சிஸ்டத்துக்கு உங்கள் கேரியரைக் கொண்டுபோகப் பார்த்தால் இடமில்லை என்று வரும்.

ஆனால் கேரியரில் ஏஎஃப்கே ஆசாமிக்குச் சரியான வைத்தியம் ஒன்று தற்செயலாக அமைந்துவிட்டது. டாக் செய்திருக்கும் கப்பல்களோடு சேர்த்தே கேரியர் ஜம்ப் அடிக்கும், அதுவும் ஒரே தாவலில் 500 ஒளியாண்டு வரை. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் ஊரே வேறாக இருக்கும்.

என்னைக் கேட்டால், உங்கள் ஐந்து நிமிட விதியை ஒரு நிபந்தனையோடு வைக்கலாம்: வெளியே யாராவது அந்த பேடைக் கேட்டால் மட்டும் கெடு ஓட ஆரம்பிக்கட்டும். கெடு முடிந்ததும் ஆளை வெளியேற்ற வேண்டாம், கப்பலைத் தானாக பேடுக்குக் கீழே இருக்கும் ஹேங்கருக்குள் இறக்கினால் போதும், பேட் காலியாகிவிடும். இனாரா பார்க்கிறவருக்கும் நஷ்டமில்லை, நள்ளிரவில் ஆளில்லாத அவுட்போஸ்ட்டில் தூங்குகிறவரையும் யாரும் எழுப்பப் போவதில்லை.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது எளிது. பேட் மறுத்தால் மிதந்துகொண்டு நிற்காதீர்கள். மெயின் மெனுவுக்கு வெளியேறி, தனியாக ஆடும் சோலோ முறையில் திரும்பி வாருங்கள். அங்கே அந்த ஆசாமியே இருக்க மாட்டார், பேட் பெரும்பாலும் காலியாக இருக்கும். இறங்கிய பிறகு வேண்டுமானால் எல்லாரும் ஆடும் ஓப்பனுக்கு மாறிக்கொள்ளலாம். அப்படி மாறினால், சந்தை வேலை முடிந்ததும் ஹேங்கருக்குள் இறங்கிவிடுங்கள். பழைய சரக்குக்காரர்கள் புதியவர்களிடம் முதலில் சொல்வதும் அதுதான்.