கிளையண்ட் சிட்னியில இருக்கட்டும், நீங்க வேலை செய்யிறது திருகோணமலையில

கேள்வி: அண்ணா, நான் நிலாவெளி. டவுன்ல ஒரு ஐடி சப்போர்ட் கொம்பனியில சப்போர்ட் எஞ்சினியரா 4 வருசம் 7 மாசமா வேலை செய்யிறன். தலைமை ஒபிஸ் கொழும்புல, மொத்தம் ஒரு 40 பேர் இருப்பம். கிளையண்ட் அவுஸ்திரேலியா, அதால விடியச் சாமம் 3.30 இல்லாட்டி 4.30க்கு ஷிஃப்ட் தொடங்கும், 12 மணித்தியாலம், கிழமைக்கு 5 நாள். சம்பளம் 85,000, அதில பேசிக் 45,000தான், மிச்சம் அலவன்ஸ். ஓட்டி (ஓவர்டைம் காசு) இல்லை, கேட்டா "நீங்க எஞ்சினியர், எக்சிகியூட்டிவ் கிரேட்" எண்டு சொல்லுறாங்க. இப்ப புதுசா எல்லாரையும் ரிசைன் பண்ணிட்டு "இன்டிபென்டன்ட் கொன்ட்ராக்டர்" எண்டு ஒரு அக்ரிமென்ட்ல சைன் வைக்கச் சொல்லுறாங்க, கையில 95,000 வரும், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. ரெண்டு பேர் வச்சிட்டாங்க. நானும் வைக்கவா, இல்லாட்டி விட்டுட்டு கொழும்புக்குப் போகவா? டிகிரி சேர்ட்டிபிகேட் ஒரிஜினலும் அவங்கட கையில இருக்கு.

பதில்: தம்பி, நீங்க கேட்டதுல பெரிய விஷயம் ஓட்டி இல்லை, அந்த ரிசைன் லெட்டர். அதை மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க. மிச்சத்தை ஆறுதலாக் கதைப்பம்.

ஏன் எண்டா நீங்க 4 வருசம் 7 மாசத்தில நிக்கிறீங்க. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி 15 பேர் அல்லது அதுக்கு மேல வேலை செய்யிற இடத்தில 5 வருசம் முடிச்ச ஆளுக்கு, முடிஞ்ச ஒவ்வொரு வருசத்துக்கும் அரை மாசச் சம்பளம் குடுக்கவேணும், நீங்களா விட்டுப் போனாலும் குடுக்கத்தான் வேணும், வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள. பேசிக்கை மட்டும் வச்சுப் பார்த்தாலே 22,500 தர 5, ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐநூறு. மாசாமாசம் மாறாம வாற அலவன்சும் சேரவேணும் எண்டு வாதாடி வெண்டா 2,12,500. இன்னும் 5 மாசம். இப்ப ரிசைன் பண்ணிட்டு நாளைக்கு அதே கதிரையில அதே ஹெட்செட்டோட இருந்தாலும், பேப்பரில உங்கட சேவைக்காலம் முறிஞ்சிட்டுது எண்டு அவங்க சொல்லுவாங்க. கொம்பனி இதை வேணுமெண்டு இந்த நேரத்தில செய்யுதா எண்டு எனக்குத் தெரியாது, ஆனா டீமில 4 வருசம் தாண்டின ஆக்கள் எத்தனை பேர் எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்க.

ரெண்டாவது, ரிசைன் லெட்டர் இன்னொரு கதவையும் பூட்டுது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், டெர்மினேஷன் அக்ட் எண்டு சொல்லுறது, 15 பேர் அல்லது அதுக்கு மேல இருக்கிற இடத்தில, 12 மாசத்துக்குள்ள 180 நாள் வேலை செய்த ஒரு ஆளை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாம நிப்பாட்டுறதெண்டா, ஒண்டு அந்த ஆள் முதலே எழுத்தில சம்மதிக்கவேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர் நாயகத்திட்ட முதலே எழுத்தில அனுமதி எடுக்கவேணும். "கிளையண்ட் கொன்ட்ராக்ட் முடிஞ்சுது, ப்ராஜெக்ட் இல்லை" எண்டு சொல்லுறது அந்த அனுமதிக்குப் பதிலாகாது. அதாலதான் எச்ஆர்ல இருக்கிற ஆக்கள் உங்கட கையெழுத்துக்கு இவ்வளவு அவசரப்படுறது. ஆள் தானே விட்டுப் போனா அனுமதியும் தேவையில்லை, நட்டஈடும் இல்லை.

இனி அந்த 95,000. பார்க்கப் பெரிசாத்தான் இருக்கும். இப்ப உங்களுக்கு பேசிக்குக்கு மட்டும் ஈபிஎஃப் கட்டுறாங்க எண்டு வைப்பம், அநேகமா அப்பிடித்தான் இருக்கும். உங்கட 8 வீதம் 3,600 போக கையில 81,400. கொம்பனி 12 வீதம் 5,400, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் 1,350. உங்கட பேரில சேர்ற எல்லாத்தையும் கூட்டினா 91,750. அப்ப கூடுறது 13,600 இல்லை, 3,250. அந்த 3,250க்காக பணிக்கொடை, வருசத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கஷுவல் லீவு, டெர்மினேஷன் அக்ட் பாதுகாப்பு எல்லாத்தையும் குடுக்கச் சொல்லுறாங்க. வியாபாரமா மட்டும் பார்த்தாலும் நட்டம்.

அதோட இன்னொண்டு, ஈபிஎஃப் பேசிக்குக்கு மட்டும்தான் எண்டு சட்டத்தில இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் சொல்லுற உழைப்புக்குள்ள வாழ்க்கைச் செலவுப்படி, அதுமாதிரியான படிகள், லீவுச் சம்பளம் எல்லாம் அடங்கும், ஓவர்டைம் அடங்காது. பெற்றோல் பில்லுக்கு காசு தாறது வேற, ஆனா லீவு போட்டாலும் வேலைக்கு வந்தாலும் ஒரே மாதிரி வாற 40,000ஐ "அலவன்ஸ்" எண்டு பேர் மாத்தி வச்சிட்டா தப்பலாம் எண்டில்லை. 85,000க்கும் கட்டினா கொம்பனி பங்கும் ஈடிஎஃபும் சேர்த்து 12,750 வரும், இப்ப 6,750தான் போகுது. மாசம் 6,000 வித்தியாசம். 4 வருசம் 7 மாசம் எண்டா 55 மாசம், இதே சம்பளம் எண்டு வச்சா 3,30,000. சம்பளம் இடையில கூடியிருக்கும், அதால கணக்குக் கொஞ்சம் குறையும், எண்டாலும் சும்மா விடுற காசில்லை.

கொன்ட்ராக்டர் எண்டு பேப்பரில எழுதினா கொன்ட்ராக்டர் ஆகிடுவமா? இல்லை. எங்கட நீதிமன்றங்கள் பேரை விட்டுட்டு உறவைத்தான் பார்க்கும். ரோஸ்டர் ஆர் போடுறது, லீவு ஆர் தாறது, லெப்டொப் ஆர்ட, உங்களுக்குக் காய்ச்சல் எண்டா உங்கட மச்சானை அனுப்பி ஷிஃப்ட் பார்க்க விடுவாங்களா, வேற ரெண்டு கொம்பனிக்கும் அதே நேரம் நீங்க வேலை செய்யலாமா. உங்கட பதில் எல்லாம் என்ன வரும் எண்டு உங்களுக்கே விளங்கும். உண்மையான கொன்ட்ராக்டர் ஆக்களும் இருக்கினம், வீட்டில இருந்து நாலு வெளிநாட்டுக் கிளையண்டுக்குத் தன்ர நேரத்தில செய்து இன்வொயிஸ் அனுப்புறவை, அவைக்கு இது நல்ல வழி. உங்களுக்கு இல்லை. ஆனா இதை நிரூபிக்க வழக்குக்கு அலையவேணும், சைன் வைக்காம விட்டா அலையவே தேவையில்லை.

ஓட்டிக்கு வருவம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம்தான் உங்களுக்கு. சாப்பாட்டு நேரம் தவிர நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல ஓவர்டைம் கிழமைக்கு ஆகக்கூடியது 12 மணித்தியாலம், ஒண்டரை மடங்கு காசு, கிழமைக்கு ஒண்டரை நாள் சம்பளத்தோட விடுமுறை. மாதச் சம்பளக்காரருக்கு மணித்தியாலக் கணக்கு எடுக்க சம்பளத்தை 240ஆல பிரிப்பாங்க. 85,000 எண்டா 354 ரூபா, ஒண்டரை மடங்கு 531. உங்கட 12 மணித்தியால ஷிஃப்ட்ல சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழிச்சா 11, ஒரு நாளுக்கு 3 கூட, 5 நாளுக்கு 15. அதாவது காசும் தரேல்ல, 12 எண்ட உச்சத்தையும் தாண்டியாச்சு. கிழமைக்கு கிட்டத்தட்ட 8,000 ரூபா. 95,000 எண்டு ஆசை காட்டுறவங்க மாசத்துக்கு 32,000க்குக் கிட்ட தராம வச்சிருக்கிறாங்க.

"எக்சிகியூட்டிவ் கிரேட்" கதை முழுப் பொய்யும் இல்லை, அதுதான் அதில இருக்கிற விளையாட்டு. நிர்வாகப் பதவி, முகாமைத்துவப் பதவியில இருக்கிறவருக்கு இந்த நேரக் கட்டுப்பாடு பொருந்தாது எண்டுதான் கொம்பனிகள் நிக்கிறது. ஆனா நீங்க ஆரையும் வேலைக்கு எடுக்கிறீங்களா, ஆர்ட லீவையும் அப்ரூவ் பண்ணுறீங்களா, ஒரு டிக்கெட்டை, அதாவது கிளையண்ட் பதியிற முறைப்பாட்டை, மேல எஸ்கலேட் பண்ணுறதுக்கே டீம் லீட்டைக் கேக்கவேண்டிக் கிடக்கு. பாஸ்வேர்ட் ரீசெட் பண்ணுறவரையும் எஞ்சினியர், சேர்வர் பார்க்கிறவரையும் எஞ்சினியர் எண்டு ஐடியில எல்லாருக்கும் அந்தப் பேர்தான். விசாரணை எண்டு வந்தா நீங்க செய்யிற வேலையைச் சொல்லுங்க, அடையாள அட்டையில கிடக்கிறதை அவங்க சொல்லட்டும்.

அதே மாதிரி "எஸ்எல்ஏ அப்பிடி, 15 நிமிசத்துக்குள்ள எடுக்கவேணும், 24 மணித்தியாலமும் ஆள் வேணும்" எண்டு சொல்லுவாங்க. எஸ்எல்ஏ கொம்பனிக்கும் கிளையண்டுக்கும் இடையில உள்ள ஒப்பந்தம். அதை நிறைவேற்ற எத்தனை பேர் தேவையோ அத்தனை பேரை எடுக்கிறது கொம்பனியின்ர பாடு, இருக்கிற ஆக்களைப் பிழிஞ்சு செய்யிறதுக்கு அதில அனுமதி கிடையாது. சிட்னியில ஒக்டோபர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை மாத்தினா இங்க ஷிஃப்ட் 4.30ல இருந்து 3.30க்கு இறங்கும், ஏப்ரல் வரைக்கும் அப்பிடியே, அது தவிர்க்க ஏலாது. ஆனா 3.30க்கு நிலாவெளியில இருந்து டவுனுக்கு என்ன பஸ் ஓடுது? ஓட்டோக் காசு உங்கட பொக்கற்றில இருந்து போகுது எண்டா அந்த விஷயத்தை இந்தப் பேச்சுவார்த்தையிலயே வையுங்க. ஓட்டி மாதிரி இதை உரிமையாக் கேக்கேலாது, கேட்டுத்தான் எடுக்கவேணும், ஆனா அநேகமான இடங்கள்ல கேட்டா வான் போடுவாங்க.

லீவு நாளிலயும் இதே கதைதான். ஜனவரி 26 அவுஸ்திரேலியா டே எண்டு லீவு விடுவாங்க, அதுக்குப் பதினொண்டு, பன்னிரண்டு நாளுக்கு முதல் தைப்பொங்கலுக்கு ஷிஃப்ட் போட்டிருப்பாங்க. தைப்பொங்கல் இங்க சட்டப்படியான விடுமுறை, வேலை செய்தா அதுக்குப் பதிலா வருச முடிவுக்குள்ள சம்பளத்தோட வேற நாள், இல்லாட்டி இரட்டைச் சம்பளம். போயா தினத்தில வேலை செய்தா ஒண்டரை மடங்கு.

இதெல்லாத்துக்கும் ஆதாரம் வேணும், இங்கதான் கனபேர் வழுக்கி விழுறது. டிக்கெட் சிஸ்டத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில போடாதீங்க. அதில கிளையண்ட்ட ஆக்களின்ர பேர், மெயில், மெஷின் விபரம் எல்லாம் கிடக்கும், நீங்க என்டிஏ (இரகசியம் காக்கிற ஒப்பந்தம்) சைன் வச்சிருப்பீங்க, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. ஓட்டி கேட்டவர் எண்ட இடத்தில இருந்து டேட்டா களவெடுத்தவர் எண்ட இடத்துக்கு உங்களைத் தள்ளுறதுக்கு அது ஒண்டே போதும். சாதாரண கொப்பி ஒண்டு வாங்கி, திகதி, லொக்இன் நேரம், லொக்அவுட் நேரம், கடைசி டிக்கெட் நம்பர், இவ்வளவும் எழுதுங்க. நம்பர் இருந்தா பிறகு அதிகாரி கொம்பனியிட்டக் கேட்டு எடுக்கலாம். டிக்கெட்டில காட்டுற நேரம் சிட்னி நேரமா, யுடிசி எண்ட உலகப் பொது நேரமா, இலங்கை நேரமா எண்டதையும் எழுதி வையுங்க, மாறினா உங்கட கணக்கு முழுக்கப் பிழைச்சுப் போகும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, உங்களுக்கு வந்த ரோஸ்டர் இதுகளின்ர கொப்பி வீட்டில இருக்கட்டும்.

இப்ப எச்ஆருக்கு என்ன சொல்லுறது? சண்டை வேண்டாம். மெயிலில நாலு வரி: அனுப்பின ஒப்பந்தத்தை வாசிச்சன், இப்ப இருக்கிற நியமனக் கடிதத்தின் கீழயே தொடர்ந்து வேலை செய்ய விரும்புறன், என்ர சேவைக்காலம் முறியுறதில எனக்குச் சம்மதமில்லை, வழமைபோல ஷிஃப்டுக்கு வருவன். அவ்வளவுதான். "யோசிச்சுச் சொல்லுறன்" எண்டு வாயால சொல்லிட்டு வராதீங்க. அடுத்த நாள் லொக்இன் வெட்டினாங்க எண்டா வீட்டில இருந்திடாதீங்க, அதே நாள் சொந்த மெயிலில இருந்து "நான் வேலைக்குத் தயார், அக்சஸ் இல்லை" எண்டு எழுதுங்க, இல்லாட்டி ஆள் சொல்லாமக் கொள்ளாம வேலையை விட்டுட்டுப் போயிட்டார் எண்டு கதையை மாத்துவாங்க. சேர்ட்டிபிகேட் ஒரிஜினலையும் அதே கிழமை வேற மெயிலில திருப்பிக் கேளுங்க, வேணுமெண்டா உறுதிப்படுத்தின பிரதி தாறன் எண்டு சொல்லுங்க.

அதுக்கும் அசையேல்ல எண்டா திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகம். தமிழில எழுதிக் குடுக்கலாம், லோயர் தேவையில்லை, தொழில் உத்தியோகத்தர் ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பார். தலைமை ஒபிஸ் கொழும்பு எண்டு தயங்காதீங்க, முதல் இங்க போங்க, அங்க அனுப்பவேண்டியது எண்டா அவங்களே வழி சொல்லுவாங்க. ஈபிஎஃப் குறை, ஓட்டி, டெர்மினேஷன் அக்ட் எல்லாம் அங்கதான். அநியாயமா நிப்பாட்டினா தொழில் நியாய மன்றத்துக்கும் போகலாம், ஆனா நிப்பாட்டின திகதியில இருந்து 6 மாசத்துக்குள்ள போகவேணும்.

ஊர் சின்னது, ஐடி கொம்பனி எண்டு இங்க கையில எண்ணக்கூடிய அளவுதான், பேர் கெட்டா வேற இடம் எடுக்கமாட்டாங்க எண்டு பயம் இருக்கும். அந்தப் பயம் நியாயமானதுதான், அதாலதான் ஓட்டிப் பிரச்சினையை உடனே தூக்க வேண்டாம் எண்டு சொல்லுறன். இப்ப சைன் வைக்காதீங்க, கொப்பியை எழுதுங்க, 5 வருசத்தை முடியுங்க. கொழும்பு வேலை தேடுறது எண்டா இப்பவே இன்டர்வியூவுக்குப் போங்க, நல்ல இடம் வந்தா ஜொயின் பண்ணுற திகதியைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டு, 5 வருசம் முடிஞ்ச பிறகு நோட்டீஸ் காலம் முடியிற மாதிரிப் பார்த்து லெட்டரைக் குடுங்க.

சைன் வச்ச அந்த ரெண்டு பேருக்கும் சொல்லுங்க, அதே வேலையை அதே ரோஸ்டர்ல தொடர்ந்து செய்யிறதால அவங்களுக்கும் வாதாட இடமிருக்கு. ஆனா 6 மாசக் கணக்கு அவங்கட ரிசைன் திகதியில இருந்தே ஓடத் தொடங்கிட்டுது எண்டு எடுத்துக்கொண்டு இந்தக் கிழமையே தொழில் அலுவலகத்துக்குப் போகட்டும்.