கண்மாய்ப் பிரச்சினைக்கு ஐ.நா.வுக்கு எழுதலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயை வெளிநாட்டு வங்கிக் கடனில் சீரமைக்கிறார்கள். கலுங்கை, அதாவது உபரித் தண்ணீர் வழியும் இடத்தை, உயர்த்திவிட்டதால் உள்வாயை (கண்மாய்க்குள் தண்ணீர் தேங்கும் பகுதியை) ஒட்டிய பட்டா நிலங்களில் தண்ணீர் ஏறுகிறது. புதிதாகக் கட்டிய மடையின் தளமும் பழையதைவிட உயரம். கடைசித் தண்ணீர் வெளியே வர மாட்டேன் என்கிறது. திங்கள்கிழமை மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம். ஐ.நா.வுக்கு எழுதினால் கேட்பார்களா?

பதில்: எழுதலாம், ஆனால் மடை இறங்காது. சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களில் அரசுகள் மற்ற அரசுகளுக்குத்தான் பதில் சொல்கின்றன, உங்களுக்கும் எனக்கும் இல்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 15-ஆவது பிரிவில் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. அது யாரையும் தண்டிக்காது என்று அந்தப் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சாதாரணக் குடிமகன் தன் நாட்டின் மீதே புகார் கொடுக்க இடம் தருவது 1998-இல் கையெழுத்தான ஆர்ஹஸ் ஒப்பந்தம். இந்தியா அதில் இல்லை.

உங்கள் கேள்வியில் உருப்படியான சொல் 'கடன்'. கடன் கொடுக்கும் வங்கிக்கு எழுத்தில் விதிகள் இருக்கின்றன: மக்களிடம் கலந்து பேச வேண்டும், நிலம் பாதித்தால் ஈடு செய்ய வேண்டும் என்று. விதியை மீறினால் அந்த வங்கியைத்தான் கேட்க வேண்டும். இந்த வழியைத் திறந்துவிட்டதே நம் நாட்டு மக்கள்தான். நர்மதையில் சர்தார் சரோவர் அணைக்கு எதிராக எழுந்த போராட்டத்தால் உலக வங்கி ஒரு தனிக் குழுவை அனுப்பியது. 1992-இல் வந்த அதன் அறிக்கை வங்கியையே சாடியது. மறுவருடம் மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்தியா விலகியது. அதே வருடம் பாதிக்கப்பட்டவர்களின் புகாரை விசாரிக்க வங்கி 'ஆய்வுக் குழு' ஒன்றை அமைத்தது. அங்கே போன முதல் புகார் நேபாளத்தின் அருண் அணை பற்றியது. 1995-இல் வங்கி அந்தத் திட்டத்திலிருந்து பின்வாங்கியது.

முதலில் யாருடைய பணம் என்று பாருங்கள். கரையில் நட்டிருக்கும் பெயர்ப்பலகையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் நீர்வளத்துறைக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கடன் ஒப்பந்த எண், சுற்றுச்சூழல்-சமூகப் பாதுகாப்பு அறிக்கை, கலுங்கு மற்றும் மடைத் தளத்தின் பழைய மட்டம், புதிய மட்டம் ஆகியவற்றைக் கேளுங்கள். அந்த மட்டக் கணக்குதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. 'விவசாயிகள் பாதிக்கப்படுகிறார்கள்' என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்தது, எந்த சர்வே எண்ணில் தண்ணீர் ஏறியது என்று எழுதினால் பொறியாளர் உட்கார்ந்து பதில் எழுதியாக வேண்டும்.

உலக வங்கிப் பணமென்றால், அந்த ஆய்வுக் குழுவிடம் புகார் கொடுக்கப் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் போதும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் கேட்கலாம். உள்ளூரில் காண்ட்ராக்டரைப் பகைத்துக்கொள்ள எல்லாராலும் முடியாது அல்லவா? ஒரு நிபந்தனை: முதலில் வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும். எனவே டெல்லியிலுள்ள அவர்கள் அலுவலகத்துக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, நகலைப் பத்திரமாக வையுங்கள். கெடுவும் உண்டு. 2020 செப்டம்பருக்குப் பிறகு ஒப்புதலான திட்டமென்றால் கடன் முடிந்து 15 மாதம் வரை நேரம் இருக்கிறது. பழைய திட்டமென்றால் கடன் கணக்கை மூடுவதற்குள், அதுவும் கடனில் 95 சதவீதம் கொடுத்து முடிப்பதற்குள், போய்விடுங்கள். ஆசிய வளர்ச்சி வங்கியிலும் இதே மாதிரி ஏற்பாடு இருக்கிறது, அங்கேயும் இரண்டு பேர்தான் கணக்கு.

இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். வங்கி தன் விதியைப் பின்பற்றியதா என்று மட்டுமே ஆய்வுக் குழு பார்க்கும். நட்டஈடு போடாது, நம் அதிகாரியை இடைநீக்கம் செய்யாது. இருந்தாலும் கடன் கொடுத்தவர் விளக்கம் கேட்கிறார் என்றதும் கோட்டை முதல் சைட் வரை கோப்புகள் நகரும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

அப்புறம், இதை நம்பி உள்ளூர் வழியைக் கைவிட்டுவிடாதீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை தொடங்கி 6 மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தருவார்கள், அவ்வளவுதான். கரையிலோ வரத்துக்காலிலோ ஆக்கிரமிப்பும் இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கே போகலாம், 2007-ஆம் வருடத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் கையில் இருக்கிறது. வங்கிக்கு அனுப்பும் மின்னஞ்சலால் தீர்ப்பாயத்தின் கெடு நிற்காது. ஆகவே கலுங்கை உயர்த்திய தேதியை இன்றே குறித்து வைத்து, அதிலிருந்து 6 மாதத்தை எண்ணிக்கொள்ளுங்கள்.