கனடியக் குடியுரிமை விண்ணப்பமும் அடையாளச் சான்றுகளும்

கேள்வி: கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்று, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தேவையானபடி ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாள்கள் இங்கு வசித்துவிட்டேன். என்னிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. கடவுச்சீட்டு, வங்கி அட்டை, சமூகக் காப்புறுதி எண் அட்டை, சிங்களத்திலும் தமிழிலும் அமைந்த பழைய இலங்கைத் தேசிய அடையாள அட்டை ஆகியவை உள்ளன. எவற்றை அனுப்புவது?

பதில்: இரண்டு அடையாளச் சான்றுகளின் நகல்கள் தேவை, அவற்றுள் ஒன்றிலேனும் உங்கள் புகைப்படம், பெயர், பிறந்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். கடவுச்சீட்டின் விவரப் பக்கம் இதற்குப் பொருந்தும். வங்கி அட்டையையும் சமூகக் காப்புறுதி எண் அட்டையையும் ஏற்கமாட்டார்கள். இவற்றை நம்பி அனுப்பி, விண்ணப்பம் முழுமையற்றதெனத் திரும்பி வந்து மாதங்களை இழப்பது மிகவும் வருத்தத்திற்குரியது.

இரண்டாவது சான்றாக மாகாண அரசு வழங்கும் புகைப்பட அடையாள அட்டையைப் பெற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பெரும்பாலான மாகாணங்களில் ஓட்டுநர் அல்லாதோருக்கும் அது கிடைக்கும். இலங்கை அடையாள அட்டையையே அனுப்ப விரும்பினால், அதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். அந்த மொழிபெயர்ப்பை, எவ்வளவு புலமை இருந்தாலும், நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ செய்யக் கூடாது.

நம்மவர்கள் பலருக்குத் தந்தை பெயர் ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும் வருவதுண்டு. ஆகவே அட்டைகளின் இரு பக்கங்களையும் நகலெடுக்கும்போதே, பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் உங்கள் குடிவரவு ஆவணத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.