சக்கரம் சுழல ஆரம்பித்தால் முதலில் காலை எடுங்கள்

கேள்வி: பெருங்குடியில் வசிக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனபோது, கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்புக்குள் காரை இறக்கினேன். 30 அடி போவதற்குள் முன்சக்கரம் மணலில் புதைந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த இன்னும் இறங்கியது. கடைசியில் ஒரு டிராக்டரை வரவழைத்து இழுத்தோம், பம்பர் பிய்ந்து வந்துவிட்டது. இப்படி மாட்டினால் நாமே வெளியே எடுக்க முடியாதா? ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் வாங்க வேண்டுமா?

பதில்: வண்டியை மாற்ற வேண்டாம். உங்கள் காரிலேயே வெளியே வந்திருக்கலாம். முதல் தடவை சக்கரம் சுழன்றபோது அது இரண்டு அங்குலம்தான் இறங்கியிருக்கும். மிச்சப் பள்ளத்தை ஆக்சிலரேட்டர்தான் தோண்டியது. சுழலும் டயர் தனக்கு அடியில் இருக்கும் மணலையே வாரிப் பின்னால் வீசுகிறது. இன்ஜினின் விசையை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் குணம் சாதாரண காரில் இன்னொரு சிக்கல். பிடிப்பு இல்லாத சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், பிடிப்புள்ள சக்கரம் நகராமல் நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே காலை எடுங்கள். எல்லோரும் இறங்கட்டும். அப்புறம் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். வயிறு மணலில் உட்கார்ந்திருந்தால் வண்டியின் பாரம் சக்கரத்தில் இல்லை, மணல்மேல் இருக்கிறது. அந்த மணலை வாரி எடுக்காமல் வேறு எதைச் செய்தும் பலன் இல்லை. சாப்பாட்டுத் தட்டு இருந்தால்கூடப் போதும். சைலன்சர் கொதிக்கும், கை படாமல் வாருங்கள். புகைக்குழாய் வாயில் மணல் அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டுத்தான் இன்ஜினை ஓட்ட வேண்டும்.

அடுத்தது காற்று. பலரும் விட்டுவிடுவது இதைத்தான், மணலில் அதிகம் கைகொடுப்பதும் இதுதான். 32, 33 பிஎஸ்ஐ இருக்கும் டயர்களை 18 முதல் 20 வரை இறக்குங்கள், நான்கையும். வால்வுக்குள் இருக்கும் ஊசியைச் சாவி முனையால் அழுத்தினால் போதும். டயர் தொப்பென்று தளர்ந்து, தரையில் படும் பகுதி நீளும். அதே பாரம் அதிக இடத்தில் பரவுவதால் மணல் தாங்கும். 15-க்குக் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும், அந்த ஆசை வேண்டாம்.

எந்தப் பக்கம் எடுப்பது? வந்த வழியே, ரிவர்ஸில். அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கிய மணல். சக்கரத்துக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் மணல் விளிம்பைச் சரித்து, சாய்வுப் பாதை போல ஆக்குங்கள். மீனவர்கள் படகைக் கரையேற்றும்போது அடியில் கட்டை போடுவார்களே, அதே யோசனைதான் இங்கேயும். தென்னை மட்டை கிடைத்தால் அருமை. இல்லையென்றால் காரின் ரப்பர் மேட், சாக்கு, பலகை எதுவானாலும் சரி. ஓட்டும் சக்கரங்களுக்கு, உங்கள் காரில் முன்சக்கரங்களுக்கு, அடியில் நன்றாகச் செருகுங்கள். மேட் பிய்த்துக்கொண்டு பறக்கும், அதனால் சக்கரத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் பட்டன் இருந்தால் அணைத்துவிடுங்கள், சக்கரம் வழுக்கியதும் அது இன்ஜின் வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்திவிடும். கிளட்ச்சை மெல்ல விட்டு நகர்த்துங்கள். ஒரு அடி நகர்ந்து மறுபடி வழுக்கினால் உடனே விட்டுவிட்டு, மணலை வாரி, மட்டையைத் திரும்பச் செருகுங்கள். நகர ஆரம்பித்துவிட்டால் கெட்டித் தரை வரும்வரை நிறுத்தக் கூடாது. கிளட்ச் கருகும் வாடை வந்தால் 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால்தான் கயிறு. பம்பர் வெறும் பிளாஸ்டிக், அதில் கட்டினால் அதுதான் முதலில் வரும். பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதை நெம்பினால் மரையிட்ட துளை தெரியும். டிக்கியில் ஜாக்கியோடு வைத்திருக்கும் இரும்பு வளையத்தை அதில் முழுக்கத் திருகிக் கயிற்றைக் கட்ட வேண்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் வீச்சு குறையும். கயிறு எவ்வளவு நீளமோ அதைவிடத் தள்ளி எல்லோரும் நிற்க வேண்டும், குழந்தைகள் இன்னும் தள்ளி. டிராக்டர் கயிற்றை மெதுவாக இறுக்கி, அப்படியே இழுக்கட்டும். வெடுக்கென்று இழுக்கச் சொல்லாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்துக் காலி மனைகளில் மாட்டுவது வேறு கதை. அங்கே களிமண் டயரின் வரிகளை அடைத்து, டயரை வழவழவென்று ஆக்கிவிடும். குச்சியால் வரிகளைச் சுரண்டிவிட்டு, அடியில் செங்கல் ஜல்லி போடுங்கள். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டினால் டயரின் ஓரம் பிடிக்கும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாகத் தெரிகிறதே என்று வண்டியை இறக்காதீர்கள். நின்ற வண்டியைச் சுற்றி அலை மணலை அரித்துக்கொண்டே போகும், அமாவாசை பௌர்ணமியில் நீர் இன்னும் மேலே ஏறும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில்தான் பங்குனி ஆமைகள் ஏறி முட்டையிடுகின்றன. அந்த முட்டைகள் மணலுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில்தான் இருக்கும்.

வெளியே வந்ததும் காற்றில்லாத டயரோடு சாலையில் வேகம் வேண்டாம், 30 கிலோமீட்டர் வேகத்தில் பெட்ரோல் பங்க் வரை போய் நிரப்புங்கள். 12 வோல்ட் பம்ப் ஒன்று டிக்கியில் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு தங்கினால் துருப்பிடிக்கும். சாலையில் ஸ்டீயரிங் அதிர்ந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் ரிம்முக்குள் ஒட்டிய மண்தான். இன்று மாலையே டிக்கியைத் திறந்து அந்த இரும்பு வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை திருகியும் பாருங்கள், சில வண்டிகளில் அதற்கு எதிர்மரை, வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் திருகினால்தான் இறுகும்.